ஏர்பிரஷைக் குறை சொல்லும் முன்: வீட்டு மாடல் மேசையின் கோளாறுகளும் அவற்றின் வேரும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஸ்கேல் மாடல் (விமானம், கார் போன்றவற்றின் சிறு உருவம்) பெயிண்டிங்கில் மட்டும் பல நேரம் கூடம்தான் கோணல். பெயிண்ட் சொரசொரப்பாக விழுந்தால் எல்லோரும் முதலில் ஏர்பிரஷை, அதாவது காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் கைக்கருவியை, கழற்றுகிறார்கள். ஊசியைத் துடைத்து, பெயிண்ட் வெளிவரும் முனையான நாசிலை ஊறவைத்து, கடைசியில் புது நாசிலும் வாங்கிப் போட்டபிறகு பார்த்தால் கோளாறு இடத்தை விட்டு நகர்ந்திருக்காது. காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அதில் எவ்வளவு ஈரம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் இங்கே அறையில் தொடங்கி, கம்ப்ரஸர் வழியாக, ஏர்பிரஷுக்குக் கடைசியில் வருகிறோம்.

உங்கள் அறிகுறியைத் தேடிப் போகும் முன் இரண்டு ஏற்பாடுகள். மேசையில் ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி வையுங்கள். கொஞ்சம் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பூனின் வளைவு கார் பானட்டைப் போலவே பெயிண்டின் குறைகளைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்றி, கலவை விகிதம், அழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் ஸ்பூனின் காம்பிலேயே எழுதிவையுங்கள். ஒரே நாளில் தின்னரையும் நாசிலையும் அழுத்தத்தையும் சேர்த்து மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஃபேன் ஓடுகிறது, ஆனால் நாற்றம் போகவில்லை. மேசையெல்லாம் பெயிண்ட் தூள்

தின்னர் பாட்டில், ஸ்ப்ரே கேன், நனைந்த துணி எல்லாவற்றையும் முதலில் அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதற்குப் பிறகுதான் நெருப்பு. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஸ்ப்ரே பூத்தின் (தூளையும் நாற்றத்தையும் ஃபேன் வைத்து இழுக்கும் பெட்டி) வாயில் நடுவிலும் நான்கு மூலைகளிலும் பிடியுங்கள். எல்லா இடத்திலும் புகை தயங்காமல் உள்ளே சாய வேண்டும். சாயவில்லை என்றால் கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

அறைக் கதவையோ ஜன்னலையோ திறந்ததும் இழுவை கூடுகிறதா? அப்படியானால் ஃபேன் நன்றாக இருக்கிறது, அறைதான் மூச்சுத் திணறுகிறது. வெளியே போகும் ஒவ்வொரு கன அடிக்கும் ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். 80 செ.மீ. அகலக் கதவின் அடியில் 1 செ.மீ. சந்து மட்டும் திறந்திருந்தால், மணிக்கு 360 கன மீட்டர் இழுக்கும் பூத்துக்காக அந்தச் சந்தில் காற்று வினாடிக்கு 12 மீட்டருக்கு மேல் பாய வேண்டியிருக்கும். சாதாரண ஃபேனால் அது ஆகாது. 25 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவாவது ஒரு திறப்பு விடுங்கள். அது பூத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். பூத்தை ஒட்டிய ஜன்னலைத் திறந்தால் இரண்டு கெடுதல்: குறுக்குக் காற்று தெளிப்பைக் கலைக்கும், வெளியே தள்ளிய நாற்றம் அதே வழியாகத் திரும்பி வரும்.

ஃபில்டரை எடுத்ததும் இழுக்கிறதா? அடைத்துவிட்டது, மாற்றுங்கள். தட்டி உதறிப் பயனில்லை. இழைகளுக்கு நடுவே காய்ந்த பெயிண்ட் போகாது; தட்டினால் தூள்தான் அறைக்குள் பறக்கும்.

டக்ட் குழாயைக் கழற்றியதும் இழுக்கிறதா? வீட்டு பூத்துகளில் அதிகம் காணும் கோளாறு இதுதான். பூத்தோடு வரும் குழாய் பெரும்பாலும் 100 மி.மீ. இருக்கும். அதே அளவு காற்றை 150 மி.மீ. குழாயில் அனுப்புவதோடு ஒப்பிட்டால், 100 மி.மீ. குழாயில் உராய்வு இழப்பு சுமார் ஏழரை மடங்கு. கணக்கும் ஏழரை, பலனும் ஏழரை. விட்டம் குறையும்போது அதன் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இழப்பு ஏறுகிறது என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம். பாம்பு போல் மடியும் அலுமினிய நெளிகுழாயாக இருந்தால் அதன் மடிப்புகளும் சேர்ந்து இழுவையைத் தின்னும். குழாயை முழுக்க இழுத்து நீட்டுங்கள். மிச்ச நீளத்தைச் சுருட்டி மேசைக்குப் பின்னால் ஒளித்துவைக்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வளைவும் சில மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். இரண்டு வளைவுக்கு மேல் போகாதீர்கள். ஃபேனை விட்டு வெளிவந்த உடனே வளைக்காமல் முதல் 30 செ.மீ.யை நேராக விட்டாலே நல்ல மாற்றம் தெரியும்.

இவற்றில் எதுவும் பலிக்காமல், நடுவில் மட்டும் இழுத்து மூலைகளில் புகை தேங்கி நின்றால், வாய் பெரிது, ஃபேன் சிறிது. கணக்கு எளிது. பூத்தின் வாயில் காற்று வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள வாய்க்கு 0.2 சதுர மீட்டர் பரப்பு. அரை மீட்டரால் பெருக்கினால் வினாடிக்கு 0.1 கன மீட்டர், அதாவது மணிக்கு 360 கன மீட்டர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் குழாயும் ஃபில்டரும் இல்லாதபோது அளந்தது. ஆகவே கணக்கில் வருவதைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை எழுதியிருக்கும் ஃபேனைத் தேடுங்கள். புது ஃபேன் வாங்க மனமில்லை என்றால் வாயைச் சிறிதாக்குங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தகடு தொங்கவிட்டு உயரத்தை 40இலிருந்து 28 செ.மீ.க்குக் குறைத்தால் தேவை மணிக்கு 252 கன மீட்டராக இறங்கிவிடும். செலவே இல்லாத தீர்வு இது, ஏனோ யாரும் செய்வதில்லை.

கணினிப் பெட்டியில் இருக்கும் 120 மி.மீ. ஃபேன்களை வரிசையாக வைத்துக் கட்டும் பூத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை தடையில்லாத இடத்தில் காற்றைத் தள்ளுவதற்காகச் செய்தவை. முன்னால் ஒரு ஃபில்டர், பின்னால் இரண்டு மீட்டர் குழாய் என்றால் றெக்கை சுற்றும், காற்று நகராது. குழாய்க்கென்றே வரும் இன்லைன் ஃபேன் அல்லது சென்ட்ரிஃப்யூகல் புளோவர்தான் இந்த வேலைக்கு.

காற்றை வெளியே விடாமல், ஃபில்டர் வழியாக அறைக்குள்ளேயே திருப்பிவிடும் பூத்துகளும் கிடைக்கின்றன. தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கின் துகளைப் பிடிக்க அவை போதும். கரைப்பான் சார்ந்த பெயிண்டுகளான லேக்கருக்கும் எனாமலுக்கும் போதாது. கரைப்பானின் ஆவி துகள் ஃபில்டரில் நிற்காது. மெல்லிய கார்பன் பஞ்சும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

பெயிண்ட் அடித்து முடித்ததும் ஃபேனை நிறுத்தாதீர்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர், 3 மீட்டர் உயர அறையில் 27 கன மீட்டர் காற்று. 360 கன மீட்டர் ஃபேன் ஒரு முறை அதை மாற்ற நாலரை நிமிடம் ஆகும். ஒரே சுற்றில் எல்லாம் போகாது, பழையதும் புதியதும் கலந்துதான் வெளியேறும். 15 நிமிடம் ஓடவிடுங்கள். காயவைக்கும் மாடலும் அதுவரை பூத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

வெளியே காற்றடித்தால் பூத்திலிருந்து திருப்பி ஊதுகிறது

குழாயின் வெளிமுனையில் எதிர்க்காற்று அடைப்பான் பொருத்துங்கள், மடிப்புத் தகடு வைத்த வகை. தகட்டில் பெயிண்ட் தூள் ஒட்டிப் பாதி திறந்தபடி நின்றுவிடும் என்பதால் மாதம் ஒரு முறை விரலால் தள்ளிப் பாருங்கள். வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவைத்தால் மழையும் உள்ளே வராது.

ஃபேன் மோட்டாரில் பெயிண்ட் படிகிறது

ஃபில்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்து இருக்கிறது என்று அர்த்தம். ஓரங்களில் நுரைப் பட்டை ஒட்டுங்கள். மோட்டார் எந்த வகை என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள். கார்பன் பிரஷ் வைத்த மோட்டாருக்குள் ஓடும்போதே பொறி பறக்கும். லேக்கர் ஆவி போகும் பாதையில் அதற்கு இடமில்லை. பிரஷ் இல்லாத மோட்டாராக இருக்க வேண்டும், முடிந்தால் காற்றுப் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். ஸ்ப்ரே கேனில் உந்து வாயுவே எரியும் வாயுவாக இருப்பதால், ஏர்பிரஷை விடக் கேனுக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகம் பொருந்தும்.

நாற்றமே தெரியவில்லை, ஆனால் தலை வலிக்கிறது

நாற்றம் தெரியாதது நல்ல சேதி அல்ல. பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து ஒருவரை வரச்சொல்லிக் கேளுங்கள். வாசலிலேயே முகம் சுளித்தால் பூத் வேலை செய்யவில்லை. மாஸ்க்கிலும் இதே ஏமாற்றம் உண்டு. என்95 வகை மாஸ்க் துகளை மட்டும் தடுக்கும், ஆவி அதன் வழியாகத் தாராளமாக உள்ளே வரும். லேக்கர், எனாமல் அடிக்க கரைப்பான் ஆவியை உறிஞ்சும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிஜும் அதன் மேல் துகள் ஃபில்டரும் சேர்ந்த அரைமுக மாஸ்க் வேண்டும். இரண்டு கார்ட்ரிஜையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. மாஸ்க்குக்குள் தின்னர் வாசம் வந்தால் கார்ட்ரிஜின் ஆயுள் முடிந்தது. மேசையில் சும்மா கிடந்தாலும் கார்பன் காற்றிலுள்ளதை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத உறையில் போட்டு மூடுங்கள்.

தண்ணீர் சார்ந்த பெயிண்ட்தானே என்று மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம். ஆவி குறைவுதான், ஆனால் நிறமியும் பிசினும் நுண்ணிய துகளாக மிதக்கும். அதற்கு என்95 போதும். ரெசின் பாகங்களைத் தேய்க்கும்போதும் அப்படியே, ஈரத் தேய்ப்பு செய்தால் தூள் பறக்காமலேயே இருக்கும்.

பெயிண்டின் நடுவே தண்ணீர்த் துளி தெறிக்கிறது

முதல் பத்து நிமிடம் நன்றாகப் போகும். பிறகு திடீரென்று ஒரு துளி, பூசிய இடத்தில் ஒரு குழி. பெயிண்டிலோ ஏர்பிரஷிலோ குற்றம் இல்லை.

கம்ப்ரஸர் 4 பார் வரை ஏற்றும்போது அறைக்காற்று ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதிலிருந்த நீராவி எங்கும் போய்விடவில்லை. அறையில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், சுருங்கிய காற்று பழைய வெப்பத்துக்குக் குளிர்ந்தவுடன் நீர் விட்டே தீரும். எந்த வீட்டிலும் பெரும்பாலான நாள்கள் அதற்கு மேல்தான் இருக்கும். ஆக நீர் வருமா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் விஷயம்.

டேங்க் இருந்தால் காற்று அங்கே குளிர்ந்து நீரை அங்கேயே விட்டுவிடும். பிறகு அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரில் 4 பாரிலிருந்து 1.2 பாருக்கு இறங்கும்போது காற்று விரிந்து, அதன் ஈரப்பதம் பாதிக்கும் கீழே போய்விடும். ஹோஸில் வருவது உலர்ந்த காற்று. டேங்க் இல்லாத கம்ப்ரஸரில் சூடான காற்று நேராக ஹோஸுக்குள் போகிறது. நீரைப் பிடிக்கும் மாய்ஸ்சர் ட்ராப் கம்ப்ரஸரின் தலையிலேயே இருந்தால் காற்று இன்னும் சூடாக இருக்கும்போதே அதைக் கடந்துவிடும், ட்ராப்பில் ஒரு சொட்டும் நிற்காது. ஹோஸின் நடுவில் குளிர்ந்து, தாழ்ந்த இடத்தில் நீர் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கைக்கு வரும். ட்ராப் காலியாக இருக்கிறது, துளியும் தெறிக்கிறது என்றால் இதுதான் நடக்கிறது.

டேங்க் உள்ளவர்கள்: அடியிலிருக்கும் வடிகால் திருகை ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் திறந்து நீரை வடியுங்கள். டேங்க்கில் 1 பார் அளவுக்குக் காற்று மிச்சமிருக்கும்போது திறந்தால் நீர் சேர்ந்து வெளியேறும். பல மாதம் வடிக்காத டேங்க்கில் துரு கலந்த பழுப்பு நீர் வரும்.

டேங்க் இல்லாதவர்கள்: 3 மீட்டர் ஹோஸ் போடுங்கள். ஏர்பிரஷுக்கு அருகிலேயே பொருத்தும் சிறிய ட்ராப் ஒன்று அதன் முனையில் இருக்கட்டும். ஹோஸ் தரையில் தொங்கி மறுபடி மேலே ஏறாமல் ஒரே சரிவில் இருக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை கம்ப்ரஸரை ஆறவிடுங்கள். பெயிண்ட் ஊற்றும் முன் ட்ரிக்கரை அழுத்திக் கண்ணாடி மேல் வெறும் காற்றை 10 வினாடி ஊதிப் பாருங்கள். கண்ணாடியில் புள்ளி விழுந்தால் ஹோஸைக் கழற்றி ஊதி வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பளபளப்பு பூச்சு காயும்போது வெள்ளை பூக்கிறது

லேக்கரில் வரும் தொல்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிர்ந்ததும் அறைக்காற்றின் ஈரம் ஈரமான பூச்சுக்குள்ளேயே படிந்து, பால் கலந்தது போல் வெளுக்கிறது. ஈரப்பதமானி 70ஐத் தாண்டினால் கவனம், 80ஐத் தாண்டினால் லேக்கர் பளபளப்பை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஏ.சி. அறையில் தொடங்கும்போது 50 காட்டும். பூத்தை ஓடவிட்டால் அது குளிர்ந்த உலர்ந்த காற்றை வெளியே துப்பிவிட்டு, வெளியிலிருக்கும் ஈரக் காற்றை ஜன்னல் வழியாக இழுத்துக்கொள்ளும். கால் மணி நேரத்தில் ஈரப்பதமானி 75க்கு வந்து நிற்கும். தொடக்கத்தில் நன்றாக விழுந்த பூச்சு முடிவில் வெளுப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே மானியைப் பூத்தின் வாய் அருகே வையுங்கள், தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வரும் எண்ணை நம்புங்கள்.

தடுக்க, மெதுவாக உலரும் தின்னருக்கு மாறுங்கள். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. வேறு லேக்கர் தின்னர் என்றால் லேக்கருக்கான ரிடார்டரை 5 முதல் 10 சதவீதம் சேருங்கள். அக்ரிலிக் ரிடார்டரை இதில் ஊற்றக்கூடாது, பெயரில்தான் ஒற்றுமை. ஏற்கெனவே வெளுத்ததைக் காப்பாற்ற, உலர்ந்த ஒரு நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மிக மெல்லிய தூவலாக அடியுங்கள். மேல் படலம் கரைந்து, சிக்கிய ஈரம் வெளியேறி, தெளிந்துவிடும்.

ஸ்ப்ரே கேனில் இது இன்னும் மோசம். நீண்ட நேரம் அழுத்தினால் கேனே சில்லிட்டுத் துளிகள் பெரிதாகும். வெதுவெதுப்பான நீரில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், ஐந்து நிமிடம் வைத்து எடுத்துக் குலுக்கி அடியுங்கள். அடுப்பு, ஹீட்டர், வெந்நீர் எதுவும் வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும்.

மேட் வார்னிஷ் அடித்தபின் வெண்பனி போல் ஆகிவிட்டதா? ஈரமும் காரணமாகலாம், அடியில் படிந்த மேட் பொடியைச் சரியாகக் கலக்காததும் காரணமாகலாம். அழிக்க அவசரப்படாமல் மேலே ஒரு பளபளப்புப் பூச்சு கொடுங்கள். பெரும்பாலும் பனி மறைந்துவிடும், பிறகு மறுபடி மேட் அடிக்கலாம்.

அழுத்தம் நிற்கவில்லை, கம்ப்ரஸர் வேலை இல்லாமலே ஓடுகிறது, உறுமுகிறது, கிளம்பவில்லை

கேஜ் 20 பி.எஸ்.ஐ. (1 பார் சுமார் 14.5 பி.எஸ்.ஐ.) காட்டும், ட்ரிக்கரை அழுத்தினால் 13க்கு விழும். கோளாறு இல்லை, அளந்த விதம்தான் தவறு. ட்ரிக்கரை அழுத்திக் காற்று ஓடும்போது காட்டும் எண்தான் வேலை அழுத்தம். அதை 15 முதல் 20க்குள் வையுங்கள். விழும் அளவே 8, 10 பி.எஸ்.ஐ. என்று போனால் ஹோஸ் மிக ஒல்லி அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது.

யாரும் பெயிண்ட் அடிக்காதபோது கம்ப்ரஸர் தானாகக் கிளம்பினால் கசிவு. டேங்க்கை நிரப்பி அணைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். முதலில் வடிகால் திருகு, அடுத்து விரைவு இணைப்பான், பிறகு ரெகுலேட்டரின் மரைகள். கூம்பு மரைக்கு டெஃப்லான் டேப் மூன்று சுற்று. ஹோஸின் ஏர்பிரஷ் முனையில் ரப்பர் வளையம்தான் காற்றை அடைக்கிறது. அங்கே டேப் சுற்றினால் கசிவு கூடும்.

உறுமுகிறது, பிஸ்டன் நகரவில்லை என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், சுருள் கருகிவிடும். கம்ப்ரஸர் நிறைந்து நிற்கும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். பிஸ்டன் தலையில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சத்தம் அது. வரவில்லை என்றால் அடுத்த முறை பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தொடங்க முடியாமல் திணறும். டேங்க்கை முழுக்கக் காலி செய்து போட்டுப் பாருங்கள். காலி டேங்க்கில் கிளம்பினால் அந்த வெளியேற்று வால்வுதான் குற்றவாளி. "புஸ்" வந்து, நிற்காமல் "ஸ்ஸ்" என்று நீண்டால் டேங்க்கிலிருந்து திரும்பி வராமல் தடுக்கும் வால்வு கசிகிறது. காலி டேங்க்கிலும் கிளம்பவில்லை என்றால் நீளமான ஒல்லி எக்ஸ்டென்ஷன் கம்பியை விட்டுவிட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள், கப்பாசிட்டரில் கை வைக்க வேண்டாம்.

கம்ப்ரஸரை மூடிய அலமாரிக்குள் வைத்துச் சத்தத்தைக் குறைப்பது நல்ல யோசனை போல் தோன்றும். எண்ணெய் இல்லாத சிறிய பிஸ்டன் வகை அங்கே வெந்துபோகும். கீழே தடித்த ரப்பர் விரிப்பு, சுற்றிலும் 10 செ.மீ. இடைவெளி போதும். மேசைக்கு அடியில் வைத்தால் பூத்திலிருந்து சிதறும் தூளை அதுவே உள்ளிழுக்கும், தள்ளி வையுங்கள்.

சொரசொரப்பு, ஆரஞ்சுத் தோல், வழிதல்

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். காய்ந்த பரப்பை விரலால் தேயுங்கள். தூள் ஒட்டினால் துளிகள் வழியிலேயே காய்ந்துவிட்டன: தூரம் அதிகம், அழுத்தம் அதிகம், அல்லது மேசை ஃபேன் பக்கவாட்டில் அடிக்கிறது. தூள் இல்லை, ஆனால் ஆரஞ்சுப் பழத் தோல் போல் குழிகள் என்றால் துளிகள் ஈரமாகத்தான் வந்தன, பரவ முடியாத அளவுக்குக் கெட்டியாக இருந்தன. தின்னரைக் கூட்டுங்கள். வழிந்தால் நேரெதிர்: கிட்டத்தில் பிடித்தீர்கள், அல்லது கையை நிறுத்தினீர்கள்.

தொடங்க ஒரு கணக்கு: 0.3 மி.மீ. நாசில், 5 முதல் 10 செ.மீ. தூரம், 15 முதல் 20 பி.எஸ்.ஐ.; லேக்கருக்கு ஒரு பங்கு பெயிண்ட், ஒன்று முதல் இரண்டு பங்கு தின்னர். அடிப்பூச்சான பிரைமருக்கு 0.4 அல்லது 0.5 நாசில். ஸ்ப்ரே கேன் என்றால் 15 முதல் 25 செ.மீ. தூரம், மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள்.

மாடலைப் பூத்தின் விளிம்பில் பிடிக்காமல் 10, 15 செ.மீ. உள்ளே வையுங்கள். ஃபில்டரை ஒட்டியும் வேண்டாம், அங்கே காற்று மோதித் திரும்பும். பெயிண்ட் அடிக்கும்போது மேசை ஃபேன், சீலிங் ஃபேன் இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

பளபளப்பில் தூசி

உள்ளே வரும் காற்றுக்காகத் திறந்த ஜன்னல்தான் பெரும்பாலும் தூசிக்கும் வாசல். அந்தத் திறப்பில் ஒரு நார் ஃபில்டர் துணியைக் கட்டுங்கள், இழுவை குறையாதபடி திறப்பைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு. மாடலைப் பாத்திர சோப்பில் கழுவிக் காற்றில் உலரவிடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறிச் சுற்றியுள்ள தூசியையெல்லாம் கூப்பிடும். கடைசித் துடைப்பு ஈரத் துணியால்தான். கம்பளிச் சட்டை வேண்டாம். தேய்க்கும் மேசையும் பெயிண்ட் மேசையும் ஒன்றாக இருந்தால், தேய்த்த அன்றே பளபளப்பு அடிக்காதீர்கள்.

அடித்து முடித்ததும் உட்புறம் ஈரத்துணியால் துடைத்த ஒரு பெட்டியால் மூடுங்கள், அடியில் 1 செ.மீ. இடைவெளி விட்டு. ஈரமான பூச்சில் விழுந்த இழையைச் சாமணத்தால் எடுக்கப் போகாதீர்கள். நன்றாகக் காயட்டும், 2000 எண் உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்து மறுபடி அடியுங்கள். உணவு உலர்த்தும் கருவியில் காயவைப்பவர்கள் 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம், மெல்லிய பாகங்கள் கோணும். கரைப்பான் பெரும்பகுதி பூத்திலேயே போனபிறகு உள்ளே வையுங்கள். அந்தக் கருவியில் மறுபடி உணவு வைக்கக்கூடாது.

நுனியில் காய்கிறது, கோப்பையில் குமிழி வருகிறது

இப்போது ஏர்பிரஷ். கோப்பையில் குமிழி வந்தால் காற்று பின்னோக்கிப் போகிறது: நாசில் தளர்ந்திருக்கிறது, விரிந்திருக்கிறது, அல்லது அதன் மூடியில் அடைப்பு. நாசிலை மிதமாகத்தான் இறுக்க வேண்டும், மரை ஒல்லியானது. பெயிண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் ஊசி முனை வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் சாய்த்து உருட்டினால் முனை ஆடுவது தெரியும்.

நுனியில் காய்வது வயேஹோ போன்ற தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கின் குணம். பெயிண்டைச் சீராக ஓடவைக்கும் ஃப்ளோ இம்ப்ரூவர் சில சொட்டு, அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஈரப் பிரஷ்ஷால் முனையைத் துடைத்தல். அந்தப் பெயிண்டில் ஆல்கஹால் ஊற்றினால் தயிர் போல் திரிந்துவிடும். டாமியா அக்ரிலிக்கோ ஆல்கஹாலில் நன்றாகவே கரையும், அதற்கென்றே எக்ஸ்-20ஏ தின்னர் இருக்கிறது. எந்தப் புதுக் கலவையையும் கோப்பையில் ஊற்றும் முன் ஒரு தட்டில் இரண்டு சொட்டு கலந்து பாருங்கள்.

மேசையில் ஒரு நிறம், பகல் வெளிச்சத்தில் வேறு நிறம்

விளக்கை மாற்றுங்கள். 5000 முதல் 6500 கெல்வின், நிறம் காட்டும் திறன் (சி.ஆர்.ஐ.) 90க்கு மேல். இரண்டாவது எண்தான் முக்கியம், பெட்டியில் பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு விளக்கு போதாது; இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்தால் கையின் நிழல் வேலை மேல் விழாது. பளபளப்பு அடிக்கும்போது நீளமான டியூப் விளக்கின் பிம்பம் மாடல் மேல் தெரியும்படி நில்லுங்கள். பிம்பத்தின் ஓரம் கூர்மையாகும் நொடியில் பூச்சு போதுமான ஈரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு கோடு அடித்தாலும் வழியும்.

விமானத்தின் கண்ணாடி மூடி பனி மூடியது போல் ஆகிவிட்டது

சூப்பர் குளூ என்கிற சயனோஅக்ரிலேட்டின் ஆவி, ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. விரல் ரேகை பதிந்த இடத்தில் முதலில் ஒட்டும். ரேகை அச்சாகத் தெரிவது அதனால்தான். உள்ளே அந்தப் பசை பச்சையாக இருக்கும்போது கண்ணாடிப் பாகத்தை மூடிவிடாதீர்கள், ஒரு நாள் விடுங்கள். கண்ணாடிக்கு வெள்ளை மரப்பசை வகையே போதும். பனி படிந்ததை 3000 எண்ணுக்கு மேற்பட்ட தாளில் தொடங்கி பாலிஷ் போட்டு எடுக்கலாம்.

கழுத்து வலி, பறக்கும் பாகங்கள், கவிழும் பாட்டில்

எழுதும் மேசையின் 75 செ.மீ. உயரம் மாடலுக்குத் தாழ்வு. நாற்காலியை மாற்றும் முன் வேலையை உயர்த்துங்கள்: 12 செ.மீ. உயரப் பலகை, முழங்கைகளை ஊன்ற இடம். தலையில் மாட்டும் உருப்பெருக்கியில் எண் கூடக் கூடக் கவனத் தூரம் சுருங்கும்: 1.75 மடங்குக்கு சுமார் 35 செ.மீ., 2.5க்கு 20, 3.5க்கு 10. பெரிது நல்லது என்று 3.5 வாங்கினால் குனிந்தபடியே இருப்பீர்கள்.

பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து சிறு பாகத்தை வெட்டும்போது கையையும் கட்டரையும் ஒரு தெளிவான பைக்குள் வைத்து வெட்டுங்கள். பறந்துவிட்டால் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். பாகத்தை விட அதன் நிழல் நீளம், கண்ணில் படும்.

பசை, தின்னர் பாட்டில்களை ஒரு தடித்த நுரைக் கட்டையில் குழி வெட்டி அதில் நிறுத்துங்கள். தின்னர் நனைத்த துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். மாடலைப் பழசாக்கிக் காட்டும் வெதரிங்குக்கு எண்ணெய் பெயிண்ட் பயன்படுத்துபவர்கள் ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கிக் குவிக்கக்கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகே குப்பைக்கு.